சின்னவன் என்று எழுதிய குழாய்

ஒத்தையக்காவுக்கு வயது நாற்பத்தாறு. எனக்கு நாற்பத்தெட்டு. இருந்தும் அவர் எனக்கு அக்காதான். எங்கள் ஆய்வகத்தில் தலைவர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் ஒருவன் மட்டும் பிறந்த தேதியைக் கிளறிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? நான் அங்கே பதிவேடு எழுதுகிறவன். எந்தச் செல் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தொட்டியில் எந்த அடுக்கில் உறைந்து கிடக்கிறது என்பதெல்லாம் என் கையெழுத்தில் இருக்கும். அதனால் என்ன நடந்தது என்று கேட்டால் தேதியோடு சொல்வேன். எப்படி நடந்தது என்று கேட்டால்தான் இன்றைக்கும் தலை சுற்றுகிறது.

'ஒத்தை' என்பது அவர் வேலை செய்யும் விதத்துக்கு நாங்கள் வைத்த பெயர். அவர் மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு குழாய்தான் இருக்க வேண்டும். அதில் எழுத வேண்டியதை எழுதி, எண் ஒட்டி, உரிய இடத்தில் வைத்து, கையுறையை மாற்றிய பிறகுதான் இரண்டாவது குழாயைத் தொடுவார். நடுவில் யாராவது இன்னொன்றை நீட்டினால், "அங்கேயே நில்லுங்க" என்பார். நீட்டியது தலைவராக இருந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். நின்றும் இருக்கிறார்.

இந்தப் பழக்கம் எங்கே தொற்றியது என்று ஒருநாள் கேட்டேன். இங்கே வருவதற்கு முன் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாராம். சேர்ந்த இரண்டாம் வாரம், அருகருகே இருந்த இரண்டு புட்டிகளில் ஸ்டிக்கர் மாறிப்போய், கனத்த மீசை வைத்த ஒரு வங்கிக் காவலாளிக்கு 'கர்ப்பம் உறுதி' என்று அறிக்கை போய்விட்டது. அந்த மனிதர் சண்டைக்கு வரவில்லை. மெதுவாக வந்து, "இதை என் சம்சாரத்துக்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றாராம். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "அந்த இன்னொரு புட்டிக்காரப் பொண்ணு, இல்லைன்னு நினைச்சு வீட்டுக்குப் போய் அழுதுச்சே, அதை யாரும் கேட்க மாட்டீங்களா?" என்றார். எங்களுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டிலும் இதே கதைதான். அவர் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவர், வாய் சும்மா இருக்காது. "எங்க வீட்டு அடுப்புல ரெண்டு பர்னர் இருக்கு. ஒண்ணு வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே புதுசா இருக்கு" என்பார். அக்கா வளர்க்கும் செல்களுக்குத் தினமும் ஊட்டச்சாறு மாற்ற வேண்டும். ஞாயிறு கிடையாது, விடுமுறை கிடையாது. கணவரின் தங்கை கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றபோது அண்ணியை மட்டும் காணோம். "செல்லைப் பார்க்கப் போயிருக்கா" என்று கணவர் சொல்ல, அன்றிலிருந்து அந்தப் பக்கத்துச் சொந்தமெல்லாம் அக்கா செல்போன் ரிப்பேர்க் கடையில் வேலை பார்ப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிறது. ஒரு சித்தப்பா வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து, சார்ஜ் நிற்காத போனை எடுத்து நீட்டினார்.

எங்கள் வேலை என்னவென்று எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்லிவிடுகிறேன். பரம்பரையாக வரும் ஒரு நோய். அதில் உடம்பு ஒரு நொதியை, எங்கள் பேச்சில் என்சைம், செய்யாது. செல்லுக்குள் சேரும் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலியை வெட்டி அப்புறப்படுத்துவது அந்த என்சைமின் வேலை. அது இல்லாவிட்டால் குப்பை வண்டி வராத தெரு மாதிரி எல்லாம் தேங்கிவிடும். எலும்பும் குருத்தெலும்பும்தான் முதலில் மாட்டும். அறிவுக்கு ஒரு குறையும் வராது, ஆனால் பிள்ளை ஐந்தாறு வயதோடு வளர்வதை நிறுத்திவிடும். பெற்றோர் இருவரிடமும் அந்த மரபணுவின் பிழையான பிரதி ஒவ்வொன்று இருக்கும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு பிழையும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் வினை.

மருந்து தேடுகிறோம் என்பதற்காகப் பிள்ளையின் எலும்பை வெட்டி வெட்டிப் பார்க்க முடியாது. எனவே கையிலிருந்து மிளகளவு தோல் எடுத்து, வளர்த்து, அதற்குள் சில மரபணுக்களைச் செலுத்தி, தான் தோல் என்பதையே அதை மறக்கவைக்க வேண்டும். மறந்துவிட்டால் அது எதுவாகவும் ஆகக்கூடிய பழைய நிலைக்குத் திரும்பும். அதுதான் ஸ்டெம் செல். பிறகு அதைப் பழக்கிக் குருத்தெலும்பாக்கி, அதன் மேல் மருந்துகளைச் சோதித்துப் பார்க்கலாம். எழுதும்போது இது நாலு வரி. நடக்கும்போது மாதக்கணக்கு. பாதிக்கு மேல் நான் மறக்க மாட்டேன் என்று அடம்பிடித்துச் செத்துப்போகும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு குடும்பம் வந்தது. தாய் துணித் தொழிற்சாலையில் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பவர். அப்பா லாரி ஓட்டுபவர், பெரும்பாலும் வெளியூர். இரண்டு பையன்கள். மூத்தவனுக்குப் பதினொரு வயது, நோய் உறுதியானவன். இளையவனுக்கு எட்டு, ஓடியாடித் திரிபவன். நோயாளி செல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத செல்லும் வேண்டும், அதே வீட்டுப் பிள்ளை என்றால் இன்னும் நல்லது. இளையவனின் ரத்தத்தில் என்சைம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்திருக்கலாம். பார்க்கவில்லை. "இவனையாவது விட்டுடுங்க, இவனுக்கு டெஸ்ட் எதுவும் வேண்டாம்" என்று தாய் கெஞ்சியதாகவும், தோல் மட்டும் தரச் சம்மதித்ததாகவும் மருத்துவமனைக் குறிப்பில் இருந்தது. எங்கள் தலைவரும், நாங்கள் சார் என்போம், அவசரத்தில் தலையாட்டிவிட்டார். இது சரியில்லை என்று நான் அப்போதே சொன்னேன். பதிவேடு எழுதுகிறவன் பேச்சு எங்கே எடுபடும்?

தோலை வாங்கிவர மருத்துவமனைக்குப் போனது ஒத்தையக்கா. அறைக்குள் போக அனுமதியில்லை, வாசலில் நின்றார். பையன்கள் உள்ளே, தாயும் உள்ளே. நர்ஸ் கதவிடுக்கில் ஒரு குழாயை நீட்டினார். அக்கா நர்ஸை நம்பவில்லை. தாயை வாசலுக்கு வரச் சொன்னார்.

"இது யாரோடதும்மா?"

"சின்னவனோடது."

அக்கா 'சின்னவன்' என்று எழுதினார். எண் ஒட்டிப் பெட்டியில் வைத்தார். கையுறை மாற்றினார். அடுத்த குழாய்க்குக் கையை நீட்டினார்.

"இது?"

"பெரியவனோடதுக்கா."

பெற்றவளுக்குத் தெரியாததா? அன்றைக்கு அக்கா எவ்வளவு நிறைவோடு திரும்பி வந்தார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானும் 'பெரியவன், நோயாளி. சின்னவன், ஒப்பீடு' என்று என் குண்டுக் கையெழுத்தில் பதிந்து, அடியில் கோடும் போட்டேன்.

பெரியவன் செல் ஸ்டெம் செல்லாக வரவே இல்லை. மூன்று முறை முயன்றோம். மூன்றாவது முறையோடு உறைய வைத்திருந்த தோல் செல்லும் தீர்ந்துபோனது. நோயாளியின் செல்லைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அக்கா ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சின்னவன் செல்லோ முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டு, வட்டவட்டமாக, ஓரமெல்லாம் பளபளவென்று வளர்ந்தது. சரி, அதை வேறு குடும்பத்து நோயாளிகளின் செல்லோடு ஒப்பிட வைத்துக்கொள்ளலாம் என்று சார் சொல்லிவிட்டார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பொத்தானம்மா போன் செய்வார். போன் என் மேஜையில்தான். அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு நான் காதைத் தீட்டிக்கொள்வேன்.

"அக்கா, சின்னவனோட செல்லு எப்படி இருக்கு?"

"அது அருமையா இருக்கும்மா. பெரியவனோடதுதான் வரவே இல்லை. எங்களுக்கே மனசு கஷ்டமா இருக்கு."

"பரவால்லக்கா. சின்னவனோடது நல்லா வளருதில்ல? எனக்கு அது போதும்."

போனை வைத்ததும் அக்கா முகம் கறுத்துவிடும். "நோயில கிடக்கிற பிள்ளையோடது போயிடுச்சுன்னு சொல்றேன், பரவால்லங்கிறா. நல்லா இருக்கிறவனைப் பத்தி மட்டும் கேட்டுட்டுச் சந்தோஷமா வெச்சிடுறா. பெத்தவளே இப்படி ஓரவஞ்சனை பண்ணுவாளா?" நானும் சேர்ந்து உச்சுக்கொட்டினேன். ஒருமுறை, "சில பேர் அப்படித்தான் அக்கா" என்று அனுபவசாலி மாதிரி வேறு சொல்லிவைத்தேன்.

கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்துச் செல்லெல்லாம் குருத்தெலும்பாகி, முதல்முறையாக என்சைமை அளந்தார்கள். அளப்பது சுலபம். செல்லைக் கரைத்து ஒரு மருந்தைச் சேர்ப்பார்கள். என்சைம் இருந்தால் நீலமாக ஒளிரும், இல்லாவிட்டால் இருட்டு. வேறு குடும்பத்துச் சிறுமியின் செல் இருட்டாக இருந்தது, எதிர்பார்த்ததுதான். பக்கத்தில் ஒப்பீட்டுக்கு வைத்த சின்னவன் செல்லும் இருட்டு.

கருவி கெட்டுவிட்டது என்றோம். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கருவிக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் என்னவோ என்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார். மருந்து பழசு என்றோம். புதுசு வந்தது, மறுபடியும் இருட்டு. கடைசியில் சார் தன் ரத்தத்தையே கொடுத்து அளக்கச் சொன்னார். பளிச்சென்று ஒளிர்ந்தது. சாருக்கு நோய் இல்லை என்பதைத் தவிர வேறொன்றும் விளங்கவில்லை. பிறகு அந்தச் செல்லின் மரபணுவைப் படிக்க அனுப்பினோம். அண்ணனுக்கு இருந்த அதே பிழை, இரண்டு பிரதியிலும்.

சார் அக்காவையும் என்னையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "ரெண்டே வழிதான். ஒண்ணு, குழாய் மாறியிருக்கணும். இல்லைன்னா அந்த இளைய பையனுக்கும் நோய் இருக்கு, இன்னும் வெளியே தெரியலை."

"அப்படியும் வருமா சார்?" என்றேன் நான்.

"ஒரே வீட்டுல ஒருத்தனுக்குச் சீக்கிரம், ஒருத்தனுக்கு லேட்டுங்கிறது அபூர்வம். ஆனா இல்லவே இல்லைன்னு என்னால சொல்ல முடியாது."

"குழாய் மாறலை சார்," என்றார் அக்கா. "என் கையில மாறாது."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து என் மேஜை முன்னால் வந்து நின்றார். "நான் என்ன சொல்லிட்டு வந்திருக்கேன் பாருங்க. மாறலைன்னா அந்தப் பையனுக்கு நோய்னுதானே அர்த்தம்?"

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் எங்கேயும் கண்டதில்லை. தன் தப்பைத் தானே தேட ஆரம்பித்தார். என் பதிவேடுகளை எல்லாம் இறக்கிப்போட்டு, எந்தத் தேதியில் எந்தக் குழாயை எத்தனை மணிக்குத் தொட்டார், நடுவில் போன் வந்ததா, யாராவது கூப்பிட்டார்களா, கையுறை தீர்ந்த நாள் உண்டா என்று வரிவரியாகப் பார்த்தார். வழக்கமாகத் தப்பு இல்லை என்று காட்டத்தான் என்னிடம் ஆள் வரும். இவர் தப்பு ஒன்று கிடைக்காதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. பதினாறு பக்கத்திலும் ஒவ்வொரு குழாயும் ஒத்தையாகத்தான் நின்றது. கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு அழுதார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை நேரே சாரிடம் போனார். "நான்தான் மாத்திட்டேன் சார்."

"எப்போ?"

"தெரியலை. ஆனா மாத்திட்டேன். எழுதிக் கொடுத்துடுறேன். வேலையை விட்டு அனுப்புறதா இருந்தாலும் சரி."

சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நீங்க மாத்திட்டேன்னு எழுதிக் கொடுத்தா அந்தப் பையன் உடம்புல என்சைம் சுரந்துடுமா?"

சாரே தொடர்ந்தார்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கணும்னு ஆசை. ஆனா ரத்தம் எடுத்துப் பார்க்காம ஒண்ணும் தெரியாது. அந்தம்மாவுக்குப் போன் பண்ணுங்க."

என் மேஜையிலிருந்துதான் பேசினார். "அம்மா, ஒரு சின்ன சந்தேகம். சின்னவனை ஒருதரம் கூட்டிட்டு வர முடியுமா? கொஞ்சம் ரத்தம் எடுக்கணும்."

"அவனுக்கா? மறுபடியும் ஊசியா?" அந்தப் பக்கம் குரல் இறங்கிவிட்டது. "ஏதாவது கெட்டதாக்கா?"

"நேர்ல வாங்கம்மா. சொல்றேன்."

"நாளைக்கு லீவு போட்டுட்டு வர்றேன்."

அந்த ஒரு நாளில் அக்கா என்னிடம் நாலு முறை ஒரே கேள்வியைக் கேட்டார்: "உங்க பையனுக்குப் பத்து வயசுல எவ்வளவு உயரம்?" நான் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு சொன்னேன். எனக்கு எங்கே நினைவிருக்கிறது?

மறுநாள் பதினொரு மணிக்குப் பொத்தானம்மா வந்தார். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு. தோளில் ஒரு பிள்ளையைச் சாய்த்துத் தூக்கியிருந்தார். ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம், கழுத்துக் குட்டை, முட்டி உள்பக்கம் வளைந்திருந்தது. முகத்தைப் பார்த்தால் பெரிய பையனின் முகம், மீசை அரும்பும் இடத்தில் லேசான நிழல். அவனை இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்.

அக்கா வாசலை எட்டிப் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை. "சின்னவன் எங்கம்மா?"

"இதோ."

"இல்லம்மா, நான் சின்னவனைக் கேட்டேன்."

"இவன்தாங்க்கா சின்னவன்."

அக்கா திருதிருவென்று விழித்தார். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. "இவன் வந்து… நோய் இருக்கிற பையன்தானே? மூத்தவன்?" என்று நான் மூக்கை நுழைத்தேன்.

"ஆமா சார். மூத்தவன்தான்."

"அப்போ பெரியவன்தானே?"

"பெரியவன் தம்பி சார். ஸ்கூலுக்குப் போயிருக்கான்."

பொத்தானம்மா எங்கள் முகங்களைப் பார்த்துப் பயந்துபோனார். தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக நினைத்து அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தார். "வீட்டுல அப்படியே கூப்பிட்டுப் பழகிடுச்சுக்கா. ஒருநாள் ரெண்டு பேரையும் சுவத்தோரம் நிக்க வெச்சு அளந்தோம். தம்பி ஒரு விரக்கடை கூட இருந்தான். அவங்க அப்பா விளையாட்டா, இனிமே நீதான்டா பெரியவன்னாரு. அப்படியே ஒட்டிக்கிச்சு. எந்த நாள்ல மாறிச்சுன்னு கேட்டா எனக்கே தெரியலை."

பையன் தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடமாக அந்தத் தாய் போனில் கேட்டதெல்லாம் இந்தப் பிள்ளையைத்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நோயாளிப் பிள்ளையின் செல் நன்றாக வளர்கிறது என்று கேட்டுத்தான் அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். அக்கா எழுந்துபோய்ப் பொத்தானம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்களை மனசுக்குள்ள என்னென்னவோ திட்டியிருக்கேன்மா. மன்னிச்சிடுங்க."

"எதுக்குக்கா?"

"சொன்னா வெட்கக்கேடு. விடுங்க."

நானும் ஒரு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன்தான். பேனாவைத் தேடுவதுபோல் மேஜைக்கடியில் குனிந்துகொண்டேன்.

ஆனால் சார் உடனே குதிக்க விடவில்லை. அநேகமாக இதுதான் காரணம், ஆனாலும் தம்பியின் ரத்தம் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்றார். அப்போதுதான் பொத்தானம்மாவிடம் விஷயத்தை முழுதாகச் சொல்ல வேண்டி வந்தது. அவர் நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் அவனுக்கு டெஸ்ட் வேண்டாம்னு சொன்னேன். தெரிஞ்சுக்காம இருந்தா இல்லாம போயிடும்னு நினைச்சேன்" என்று சொல்லி அழுதார். மறுநாள் தம்பியைக் கூட்டி வந்தார். பத்து வயதில் அக்காவின் தோள் வரை வளர்ந்திருந்தான். ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு, "அண்ணனுக்கும் இதே ஊசிதானா? அவன் அழவே இல்லைன்னான், பொய்யா?" என்று கேட்டான்.

முடிவு வர ஐந்து நாள். ஐந்தாம் நாள் அக்காவே அளந்தார். அந்தக் குழாய் ஒன்றுதான் மேஜையில் இருந்தது. நாங்கள் எல்லோரும் கருவியைச் சுற்றி நின்றோம். நீலம். சாரின் ரத்தம் அளவுக்குப் பளிச்சென்று இல்லை, பாதிதான். ஒரு பிரதியில் மட்டும் பிழை, அம்மா அப்பா மாதிரி. அவனுக்கு ஒன்றும் செய்யாது. அக்கா போனை எடுத்து, "ஒண்ணுமில்லம்மா, உங்க பிள்ளைக்கு ஒண்ணுமில்ல" என்று இரண்டு முறை சொன்னார். அந்தப் பக்கம் தையல் இயந்திரங்களின் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. செத்துப்போனதாக நாங்கள் துக்கம் கொண்டாடிய நோயாளி செல் சாகவே இல்லை. இரண்டு வருடமாக 'ஒப்பீடு' என்ற பெயரில் எங்கள் தொட்டியிலேயே சௌக்கியமாக இருந்திருக்கிறது. செத்தது தம்பியின் செல். ஒப்பீட்டு முடிவுகள் எல்லாம் பாழ், அவற்றைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஆனால் இனிக் கிடைக்காது என்று கைவிட்டது கையில் இருக்கிறது. இதற்கு அழுவதா சிரிப்பதா என்று சாருக்கே விளங்கவில்லை.

அக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போனது. நான்தான் தட்டச்சு செய்தேன்: குழாய்களில் உறவுப் பெயர், வீட்டுப் பெயர் எதையும் எழுதக் கூடாது. இருபது வருட வேலையில் அவர் வாங்கிய முதல் கடிதம். இவ்வளவு மகிழ்ச்சியோடு எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட ஆளை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குக் காட்ட ஒரு நகல் கேட்டு வாங்கிப் போனார். கணவர் அதற்குக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றாராம்.

குழாயின் பெயர் மாறியதால் சம்மதப் படிவமும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. மூத்தவனுக்குப் பதின்மூன்று ஆகிவிட்டதால் இப்போது அவனும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சனிக்கிழமை தாய் இரண்டு பையன்களோடும் வந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் தன் செல்லைப் பார்க்க வேண்டும் என்று மூத்தவன் கேட்டான். அக்கா நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார வைத்து, நுண்ணோக்கியைத் திரையில் காட்டினார்.

வெகுநேரம் பார்த்தான். "இது வளருதா ஆன்ட்டி?"

"தினமும் வளருது."

"என்னோடதுதானே? நான் வளரலை. இது மட்டும் எப்படி?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். சார் என்னவோ ஆரம்பித்து, "அதுல குப்பை சேர்ற அளவுக்கு இன்னும் நாள் ஆகலைப்பா" என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். அது சரியான பதில்தான். பையனின் கேள்விக்கு அது பதில் ஆகுமா என்று எனக்குத் தெரியவில்லை.

படிவத்தை நீட்டினேன். இத்தனை கூத்துக்குப் பிறகு நானே புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தேன்: வீட்டில் அழைக்கும் பெயரும் பிறந்த தேதியும். அவன் பேனாவை வாங்கி, விரல்கள் சரியாக மடங்காததால் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினான். 'பெரியவன்.'

தாய் பதறிவிட்டார். "டேய், என்னடா எழுதற? இவ்வளவு நாள் பட்ட பாடு போதாதா? மறுபடியும் எல்லாரையும் குழப்பாதே. சின்னவன்னு எழுது."

"நான்தானேம்மா முதல்ல பொறந்தேன்?" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தனக்கு அதில் சந்தேகம் வந்துவிட்ட மாதிரி கேட்டான். அக்காதான், "பிறந்த தேதியும் எழுதியிருக்கான்மா. இனிமே குழப்பம் வராது" என்று சொல்லிப் படிவத்தை வாங்கிக்கொண்டார்.

போகும்போது வழக்கம்போல் அவனைத் தூக்கக் குனிந்தார் தாய். அவன் வேண்டாம் என்று, நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த தன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நடைவழியில் தானே நடக்க ஆரம்பித்தான். ஒவ்வோர் அடியும் நேரம் எடுத்தது. தம்பி ஓடிப்போய் லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டான். மூத்தவன் லிஃப்டைத் தாண்டி, படிக்கட்டுப் பக்கமாகத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தான்.

"பெரியவனே!" என்று தாய் கூப்பிட்டார்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவர் நடைவழி நடுவில் நின்று, இவனைப் பார்ப்பதா அவனைப் பார்ப்பதா என்று தெரியாமல் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணனைத்தான்ம்மா," என்றான் தம்பி. அண்ணன் திரும்பி நடந்து வந்து சேரும்வரை, லிஃப்ட் கதவு மூடிவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.